அந்தக் கட்டையை யார் போட்டது?

"ஃபைனல் இயர் ஆயிடுச்சு, ப்ராஜெக்ட் பத்தி ஏதாவது எழுதிக் குடு"ன்னு மேகசின் டீம்ல கேட்டாங்க. எங்க ப்ராஜெக்ட்ல நாங்க பண்ண ஒரு தப்பைப் பத்தி எழுதறேன்னு சொல்லிட்டேன். அந்தத் தப்பால ஒரு சட்டத்தைத் தேடிப் படிச்சேன். நாலு வருஷத்துல எந்த சப்ஜெக்ட்லயும் எங்களுக்கு வராத சட்டம். ஆனா டிராயிங் போடுற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியது. நான் ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழ்ல பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

1. நடந்தது என்ன?

ஓசூர் சிப்காட் பக்கத்துல ஒரு சின்ன ஆட்டோ பார்ட்ஸ் யூனிட். பேர் வேண்டாம். அங்கதான் எங்க டீம் நாலு பேருக்கும் இன்பிளான்ட் ட்ரெய்னிங், ப்ராஜெக்ட் ரெண்டும். ஒரு பிராக்கெட்ல நாலு ஸ்க்ரூ முடுக்கறதுக்கு, தரையில நிக்கிற மாதிரி ஒரு அசெம்பிளி ஃபிக்சர் செய்யணும். பழைய டிராயிங் ஒண்ணு கிடைச்சது. அதுல ஆபரேட்டர் கை வேலை செய்யற உயரம் 1080 மி.மீ.ன்னு இருந்தது. ஏன் 1080ன்னு நாங்க யாரும் கேக்கல. அப்படியே கேட் மாடல்ல போட்டோம். ஃபர்ஸ்ட் ரிவ்யூல "குட்"னு எழுதிக் குடுத்தாங்க.

லைன்ல வெச்ச முதல் நாள், காலை ஷிஃப்ட்ல இருந்த அண்ணன் நல்ல உயரம். "சூப்பரா இருக்கு தம்பி"ன்னார். மதிய ஷிஃப்ட்ல சூளகிரி பக்கத்துல இருந்து வர்ற ஒரு அக்கா. அவங்க வந்து நின்னதும் ஃபிக்சர் கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்துக்கு வந்துச்சு. அவங்க ஒண்ணும் பேசாம ஸ்டோர் பக்கம் போய், உடைஞ்ச பேலட்ல இருந்து ஒரு மரக்கட்டையை இழுத்துட்டு வந்து போட்டு, அது மேல ஏறி நின்னாங்க. எனக்குச் சங்கடமா இருந்தது. "உயரம் ஜாஸ்தியா அக்கா?"ன்னு கேட்டேன்.

"நீங்க பண்ணது நல்லாத்தான் இருக்கு தம்பி. நாங்கதான் குள்ளமா பொறந்துட்டோம்"னு சிரிச்சாங்க.

மூணாவது நாள் சாயங்காலம் ஒரு ட்ரேயை எடுக்கத் திரும்பினப்போ கட்டையோட ஓரத்துல கால் வழுக்கிடுச்சு. கணுக்கால் சுளுக்கு. மூணு நாள் அவங்க வரல. காண்ட்ராக்ட் வேலைங்கறதால அந்த மூணு நாள் சம்பளமும் வரல.

அன்னிக்கு ஒரு ஃபார்ம் நிரப்பணும். சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். "காரணம்" என்ற கட்டத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று என் கையெழுத்தில் இருக்கு. எழுதும்போது எனக்கு ஒண்ணுமே தோணல. அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்லதான் தோணுச்சு: அந்தக் கட்டையை அங்க போட வெச்சது யார்?

2. எல்லாருக்கும் ஒரே ஃபிக்சர் குடுத்தா அது சமம்தானே?

எங்க டீம்ல ஒருத்தன் கேட்ட கேள்வி இது. "அண்ணனுக்கும் அதே ஃபிக்சர், அக்காவுக்கும் அதே ஃபிக்சர். இதுல பாகுபாடு எங்க வந்துச்சு?" நியாயமான கேள்விதான்.

அரசியலமைப்பின் 14-வது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அடுத்த பிரிவான 15, பாலினம், சாதி, மதம் போன்றவற்றின் பேரில் அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதே 15-ல் மூன்றாவது உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடுகள் செய்யலாம் என்கிறது. அதாவது, எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்பதை 1950-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு உதாரணம் பரீட்சை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. சிவில் சர்வீஸ் தேர்வில் தனக்குப் பதிலாக எழுத ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். அவருடைய குறைபாடு சட்டம் சொல்லும் 40 சதவீத அளவை எட்டவில்லை என்று மறுக்கப்பட்டது. அந்த 40 சதவீதம் இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கான அளவு. ஒருவருக்குத் தேவையான மாற்று ஏற்பாட்டை மறுக்க அதைக் காரணமாகக் காட்ட முடியாது என்று கோர்ட் சொன்னது. எல்லாருக்கும் அதே மூணு மணி நேரம், அதே பேனா என்பது பார்க்கச் சமமாகத் தெரியும். கை இழுத்துக்கொள்பவருக்கு அது பரீட்சையே இல்லை.

இதைச் சட்டத்தில் "ரீசனபிள் அக்காமடேஷன்" என்கிறார்கள். தமிழில் எளிமையாகச் சொன்னால், தேவைக்கேற்ற மாற்று ஏற்பாடு. ஒருவர் மற்றவர்களோடு சமமாகக் கலந்துகொள்ள வேண்டிய மாற்றத்தை, அடுத்தவர் மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றாமல் செய்து தருவது. அதைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது.

3. அந்தச் சட்டத்தில் நமக்கு என்ன இருக்கு?

இந்தியா 2007-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதன் தொடர்ச்சியாக, 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதில் 2016-ல் புதுச் சட்டம் வந்தது. பழையதில் 7 வகைக் குறைபாடுகள், புதியதில் 21. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதில் உள்ள விளக்கம். மாற்றுத்திறனாளி என்பவர் யார்? நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாடு உள்ளவர். அந்தக் குறைபாடு சூழலில் உள்ள தடைகளோடு சேரும்போது, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறவர். இதுதான் சாரம்.

இதைச் சமன்பாடாக எழுதிப் பாருங்க. ஒரு பக்கம் குறைபாடு, இன்னொரு பக்கம் தடை. முதல் பாதி டாக்டர் பார்க்க வேண்டியது. ரெண்டாவது பாதி யாருடைய வேலை? படிக்கட்டு, கதவு, சுவிட்ச், ஃபிக்சர், ஆப், பஸ் எல்லாம் யார் போட்ட டிராயிங்? நம்ம டிராயிங்தான்.

அந்த அக்கா மாற்றுத்திறனாளி கிடையாது. அவங்க உயரத்தை எந்தச் சட்டமும் குறைபாடுன்னு சொல்லல. ஆனா தடை எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரிய வெச்சது அவங்கதான். தப்பான உயரத்துல ஒரு பொருளை வெச்சா, அதுக்கு முன்னாடி நிக்கறவங்க தன் உடம்பைத்தான் குறை சொல்லிப்பாங்க.

நாம தெரிஞ்சுக்க வேண்டிய சில பிரிவுகள்:

• தனியார் நிறுவனம் என்பதன் விளக்கத்தில் தொழிற்சாலையும் உண்டு. "இது அரசு ஆபீசுக்கு மட்டும்தான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

• பிரிவு 21: ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், என்னென்ன வசதிகள் செய்திருக்கிறது என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். ப்ளேஸ்மென்ட்டுக்கு வர்ற கம்பெனியிடம் இதைக் கேட்கலாம்.

• பிரிவு 44: அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது. சிவில் மக்களே, இது உங்களுக்கு.

• பிரிவு 45: ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில். பொதுக் கட்டடம் என்பதில் கல்வி நிலையங்களும் வேலையிடங்களும் அடக்கம்.

4. "செய்யலாம்", "செய்ய வேண்டும்"

சட்டம் இவ்வளவு தெளிவா இருந்தும் ஏன் நடக்கல? இதுக்கு ஒரு பெரிய வழக்கே இருக்கு.

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். சாலை, கட்டடம், போக்குவரத்து எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. 2017 டிசம்பரில் கோர்ட் அரசுகளுக்குக் கெடுக்களுடன் உத்தரவுகள் போட்டது. வேலை நகரவில்லை. பிறகு ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2024 நவம்பர் 8-ம் தேதி வந்த தீர்ப்பு, கோளாறு எங்கே என்று காட்டியது.

கோளாறு இதுதான். சட்டம் "விதிகள் வகுக்க வேண்டும், அதைப் பின்பற்ற வேண்டும்" என்கிறது. அதன்படி வந்த 2017 விதிகளில் 15-வது விதியோ, துறைவாரியான வழிகாட்டுதல்களைக் கைகாட்டி விட்டுவிட்டது. அந்த வழிகாட்டுதல்களின் மொழியோ பரிந்துரை மொழி. அதாவது சட்டம் கட்டாயம் என்றதை விதி விருப்பம் ஆக்கிவிட்டது. அதனால் விதி 15-ன் முதல் உட்பிரிவு சட்டத்துக்கே முரணானது என்று கோர்ட் சொன்னது. யாரும் பேரம் பேச முடியாத குறைந்தபட்ச அளவுகளைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் கட்டாய விதிகளாக்குங்கள் என்றது.

ஸ்டாண்டர்ட்ஸ் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு இந்தியத் தர நிர்ணயத்துல "ஷல்"னு இருந்தா செஞ்சே ஆகணும். "ஷுட்"னு இருந்தா செஞ்சா நல்லது. போல்ட் டார்க்குக்கு "ஷுட்"னு போட்டா எந்த ஆடிட்டரும் விட மாட்டார். சாய்தளத்துக்கு மட்டும் விட்டுடுவோம்.

சாய்தளக் கணக்கையும் பார்த்துடலாம். பொதுவா ஏற்கப்பட்ட சரிவு 1:12. அதாவது 1 அடி ஏற 12 அடி நீளம். 150 மி.மீ. உயரத்துல மூணு படி இருந்தா மொத்தம் 450 மி.மீ. அதை 12-ஆல பெருக்கினா 5.4 மீட்டர். கோணம் 5 டிகிரிக்கும் கொஞ்சம் கம்மி. நம்ம ஊர்ல பல இடத்துல ரெண்டு மீட்டர்ல முடிச்சிருப்பாங்க. அது பைக் ஏத்தற சரிவு. வீல்சேர்ல ஏறினா பின்னாடி சாயும், இறங்கினா பிடிக்க முடியாது. ஃபோட்டோவுல மட்டும் சாய்தளம்.

5. சராசரி மனுஷன் எங்க இருக்கான்?

திரும்ப எங்க 1080-க்கு வர்றேன். அந்த நம்பர் ஏதோ ஒரு "சராசரி" ஆம்பளையை நினைச்சுப் போட்டதா இருக்கணும்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துப் பார்த்தார். காக்பிட்டை அதுவரை சராசரி விமானிக்கு ஏற்ற மாதிரி செய்திருந்தார்கள். உயரம், மார்பு, கை நீளம் போன்ற 10 அளவுகளிலும் சராசரிக்கு அருகில் வருபவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டார். விடை: ஒருத்தர்கூட இல்லை. சராசரிக்குச் செய்த காக்பிட், யாருக்குமே செய்யாத காக்பிட். அதனால் நகர்த்தக்கூடிய சீட், மாற்றக்கூடிய பெல்ட், பெடல் என்று போனார்கள். நாம் காரில் சீட்டை முன்னே பின்னே தள்ளுவதும் இதே மாதிரி யோசனைதான்.

நமக்கும் தரவு இல்லாம இல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்தியர்களின் உடல் அளவுகளை 1997-ல் புத்தகமாகவே போட்டிருக்கு. வழக்கமான முறை இதுதான்: பெண்களில் 5-வது பெர்சன்டைலில் இருந்து ஆண்களில் 95-வது பெர்சன்டைல் வரை பொருந்தும்படி செய்யணும். எட்ட வேண்டிய இடம்னா குட்டையானவரை வெச்சு முடிவு பண்ணணும். தலை இடிக்கிற இடம்னா உயரமானவரை வெச்சு முடிவு பண்ணணும். நின்னு செய்யற லேசான வேலைன்னா முழங்கையை வெச்சு, அதுக்குச் சற்றுக் கீழே வேலை உயரம் இருக்கணும்.

அக்கா திரும்பி வந்தப்புறம் அவங்ககிட்ட கேட்டுட்டு முழங்கை உயரத்தை அளந்தோம். 925 மி.மீ. காலை ஷிஃப்ட் அண்ணனுக்கு 1090. வித்தியாசம் 165. அந்தக் கட்டையோட உயரம் 140. எந்த புக்கும் இல்லாம, டேப்பும் இல்லாம, அக்கா கிட்டத்தட்ட சரியான நம்பரைக் கண்டுபிடிச்சிருந்தாங்க.

6. நம்ம ஏரியாவுல பயனாளர் யார்?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்தக் கேள்வியைக் கேக்காம டிசைன் பண்ணவே முடியாது.

பெண்கள்: போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக், தன் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. அசோக் லேலண்ட் ஓசூர் ஆலையில் 2023-ல் பெண்கள் மட்டுமே இயக்கும் உற்பத்தி லைன் வந்தது. டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்காக ஜார்க்கண்டில் இருந்தெல்லாம் பெண்கள் வந்திருக்கிறார்கள். ஆனா டூல், பெஞ்ச், கிளவுஸ் சைஸ், சேஃப்டி ஷூ எல்லாம் எந்த உடம்பை நினைச்சு வாங்கினதுன்னு பார்க்கணும். ஆள் மாறியாச்சு, டிராயிங் மாறிச்சா?

மாற்றுத்திறனாளிகள்: இது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. டைட்டன் ஓசூர் கடிகார ஆலை, 1980-களில் தொடங்கிய காலத்தில் இருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்திருக்கிறது. முடியுமா என்ற கேள்விக்கு நம்ம ஊர்லயே பதில் இருக்கு.

மொழி: ஓசூர்க்காரங்க வீட்ல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும். ஷாப் ஃப்ளோர்ல இந்தி, ஒடியா, பெங்காலியும் சேரும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு அழகான பிரிவு இருந்தது, எண் 18. குடிநீர் வைத்திருக்கும் இடத்தில், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் "குடிநீர்" என்று எழுதியிருக்க வேண்டும். நல்ல விஷயம். ஆனா பெரும்பான்மைன்னா மீதிப் பேருக்கு? தண்ணின்னா பரவாயில்ல, கேட்டுக்கலாம். "கை வைக்காதே"ன்னு ஒரு மொழியில மட்டும் எழுதியிருந்தா? அதனாலதான் படக் குறியீடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 7010 மாதிரி தரங்கள் இருக்கு. எழுத்தோட படமும் போடணும்.

காது, கண்: நாங்க பார்த்த லைன்ல மெஷின் நின்னா பஸ்ஸர் மட்டும் அடிக்கும். காது கேளாத ஒருத்தர் அங்க வேலைக்கு வந்தா? காது நல்லா கேக்கறவங்களே சத்தத்துக்கு இயர் பிளக் போட்டிருந்தா? நாங்க எங்களுக்குன்னு ஒரு ரூல் வெச்சுக்கிட்டோம்: எந்த எச்சரிக்கையா இருந்தாலும் ரெண்டு புலனுக்குப் போகணும். சத்தம் இருந்தா விளக்கும் வேணும். சிவப்பு, பச்சை மட்டும் இருந்தா நிறக்குருடு உள்ளவருக்குத் தெரியாது, அதனால விளக்கோட இடமும் மாறணும்.

உட்காருவது: அதே 1948 சட்டத்தின் பிரிவு 44, நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி இருக்க வேண்டும் என்றது. கடை ஊழியர்களுக்கு அதே உரிமை தமிழ்நாட்டில் 2021-ல்தான் வந்தது, கேரளாவுக்கு அடுத்து. இப்போது 1948 சட்டத்தின் இடத்துக்கு 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. சட்டத்தோட பேர் மாறினாலும் லேஅவுட் போடறவரிடம் இருக்கும் கேள்வி அதேதான்: ஸ்டூலுக்கு இடம் விட்டியா?

பஸ்: வேலைக்கு வந்து சேரணுமே! நகரப் பேருந்துகளுக்கான இந்திய வரையறையில் தரை உயரம் 400, 650, 900 மி.மீ. என மூன்று வகை. 400 தான் தாழ்தளம். மாற்றுத்திறனாளிகளின் நீண்ட சட்டப் போராட்டத்துக்கு அப்புறம் 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் திரும்ப ஓட ஆரம்பிச்சது. கர்ப்பிணி, முட்டி வலி பாட்டி, பை தூக்கிட்டு வர்றவங்கன்னு எல்லாரும் அதுல சுலபமா ஏறலாம். ஒருத்தருக்காகத் தடையை எடுத்தா பத்துப் பேர் அந்த வழியில போவாங்க.

7. நாங்க என்ன செஞ்சோம்?

ஃபிக்சர் ஸ்டாண்டை ரெண்டு குழாயா மாத்தினோம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. 50 மி.மீ. இடைவெளியில அஞ்சு ஓட்டை, ஒரு பின். வேலை உயரம் 880, 930, 980, 1030, 1080. தூக்கும்போது கனக்கக்கூடாதுன்னு உள்ளே ஒரு ஸ்பிரிங். ஒர்க்‌ஷாப்ல கிடந்த குழாய்லயே செஞ்சோம். ரெண்டாவது ரிவ்யூல "இதுல நாவெல்டி என்ன?"ன்னு கேட்டாங்க. எங்களுக்கும் சொல்லத் தெரியல.

லைன்ல வெச்ச அன்னிக்கு அக்கா பின்னை எடுத்து 930-ல போட்டாங்க. கட்டையைக் காலால ஓரமா தள்ளிட்டு வேலையை ஆரம்பிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல.

அப்புறம் அந்த ஃபார்மை மாத்தலாமான்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். "முடிஞ்ச ஃபைலை எதுக்குத் தம்பி தோண்டற?"ன்னார். அவர் கெட்டவர் இல்ல, அக்காவை அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே அவர்தான். ஆனா ஃபார்ம் அப்படியேதான் இருக்கு. அக்கா கவனக்குறைவானவங்கன்னு என் கையெழுத்துல. அங்க திருத்த முடியாததை இங்க திருத்தறேன். காரணம்: வேலை உயரத்தை முடிவு செய்யும்போது, அங்கு வேலை செய்யும் யாரையும் நாங்கள் அளக்கவில்லை.

8. உங்களுக்கு ஹோம்வொர்க்

• ஃபோன்ல கோணம் காட்டற ஆப் இருக்கும். நம்ம பிளாக்ல இருக்கற சாய்தளத்து மேல வெச்சுப் பாருங்க. 5 டிகிரிக்குள்ள இருக்கா?

• லேப் கதவைத் திறந்து டேப் வெச்சு அளங்க. தடையில்லாத அகலம் 900 மி.மீ. இருக்கா?

• உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "யார் பயன்படுத்துவாங்க?"ன்னு ஒரு பக்கம் சேருங்க. "பயனாளர்கள்"னு ஒத்தை வார்த்தையில முடிக்காதீங்க. உயரம், கை, கண், காது, மொழி எல்லாம் எழுதுங்க. முடிஞ்சா ரெண்டு பேரையாவது நேர்ல போய்ப் பாருங்க.

• ப்ளேஸ்மென்ட் டாக் முடியும்போது "எனி கொஸ்டின்ஸ்?"னு கேப்பாங்க இல்ல, "உங்க சம வாய்ப்புக் கொள்கை எங்க இருக்கு?"ன்னு கேளுங்க.

அளந்த நம்பர்களை மேகசின் டீமுக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல நம்ம காலேஜோட அளவுகளை ஒரு டேபிளா போட்டு, பிரின்சிபல் சார்கிட்ட ஒரு காப்பி குடுக்கலாம்னு இருக்கோம். டேப் எங்ககிட்ட இருக்கு. ஆள்தான் வேணும்.